ஆறு மாதம் உங்கள் பொறுப்பில் ஒரு ஹார்ட்டாப்

டொராண்டோ பக்கம் குளிர் விட்டு மே மாதம் நெருங்கியதும் கராஜ்களுக்கு ஒரு பருவ வேலை வந்து சேரும். ஜீப் ராங்லர் வைத்திருப்பவர்கள் அதன் கெட்டியான கூரையைக் காட்டி, "ஹார்ட்டாப்பைக் கழற்றி வையுங்கள், அக்டோபரில் வந்து மாட்டிக்கொள்கிறேன்" என்பார்கள். வீட்டில் இடம் இல்லாதவர்கள் வாடகை கொடுத்து கராஜிலேயே விட்டுப் போவார்கள். கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இந்த வேலை வந்தால், சில்லறை வேலை என்று எண்ண வேண்டாம். கழற்றுவது சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகு ஐந்தாறு மாதம் அடுத்தவருடைய விலையுயர்ந்த பொருள் உங்கள் காவலில் இருக்கும். விரிசல் விழுந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் போனை எடுங்கள். கூரையின் நாலு பக்கம், மூலைகள், பின் கண்ணாடி, உள்பக்கம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். ஒரு படத்திலாவது நம்பர் பிளேட் தெரிய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை வாடிக்கையாளர் நிற்கும்போதே காட்டி, வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அக்டோபரில் வரக்கூடிய சண்டைகளில் பாதி இந்தப் பத்து நிமிடத்திலேயே தீர்ந்துவிடும்.

ராங்லரில் முன்பக்கம் இருக்கும் இரண்டு சிறு பலகைகளை முதலில் எடுத்து, அவற்றுக்கான உறைப்பையில் வைக்க வேண்டும். அதன் பிறகே பின்பகுதி. அதைக் கழற்றும்போது புதியவர்கள் மறப்பது பின் மூலையில் இருக்கும் வயர் கனெக்டரையும் வாஷர் டியூபையும்தான். போல்ட் எல்லாம் வந்துவிட்டது என்று தூக்கினால் இரண்டும் அறுந்துவிடும். பின் கண்ணாடி கீழ்க்கதவு பிடித்திருப்பதால்தான் மூடி நிற்கிறது. கூரை தனியாக வந்த பிறகு கண்ணாடியைப் பிடிக்க எதுவும் இல்லை, கேஸ் ஸ்ட்ரட் அதை வெளியே தள்ளும். கூரையைச் சாய்க்கும் முன் மெத்தென்ற பெல்ட் போட்டுக் கண்ணாடியைக் கட்டிவிடுங்கள்.

நாலு கதவு ராங்லரில் இந்தப் பின்பகுதி மட்டும் 60, 70 கிலோ வரும். எடையோடு அகலமும் சேர்ந்துகொள்வதால் பிடி கிடைக்காது. ஹாய்ஸ்ட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் நாலு பேர் வேண்டும். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 கார்களின் ஹார்ட்டாப் ஏறக்குறைய 20 கிலோதான், இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம். ஆபத்தான பாரத்தைத் தனியாகத் தூக்கச் சொன்னால் மறுக்கும் உரிமையை ஒன்டாரியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. வேலைக்குப் புதிது என்பதற்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள். முதுகு ஒருமுறை போனால் இந்தத் தொழிலே போய்விடும்.

இனி வைக்கும் முறை. ராங்லரின் ஹார்ட்டாப் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்தது. இரும்புத் தகடு போல நசுங்காது, வெடிக்கும். முழு எடையும் ஒரு மூலையில் இறங்கும்படி வைத்தால் அந்த மூலைதான் முதலில் போகும். அதற்கென்றே செய்த சக்கர வண்டியில் நிறுத்தி பெல்ட் போடலாம், அல்லது கராஜின் உட்கூரையிலிருந்து தொங்கவிடலாம். தொங்கவிடுவதென்றால் கொக்கி உத்தரத்தில் இறங்கியிருக்க வேண்டும், வெறும் ஜிப்சம் பலகையில் அல்ல. ஹாய்ஸ்டில் எழுதியிருக்கும் தாங்குதிறனைப் படியுங்கள். அதற்கு மேல் தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். தொங்கும் ஹார்ட்டாப்பின் கீழே யாரும் நின்று வேலை பார்க்கும்படி இடம் ஒதுக்கக் கூடாது.

எப்படி வைத்தாலும் எடை விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங் மேல் இறங்கக் கூடாது. மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. முதல் மழையிலேயே உள்ளே ஒழுகும். பீடிங்கைத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். கையில் கிடைத்த பெட்ரோலிய கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பின் கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய கோடுகள் பனியை உருக்கும் டிஃபாகர் கம்பிகள். அங்கே பிளேடு படக் கூடாது, எதையும் சாய்த்தும் வைக்கக் கூடாது.

கழுவிய கூரை முழுக்கக் காய்ந்த பிறகே மூட வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் சுற்றுவது பலர் செய்கிற தவறு. ஈரம் உள்ளேயே நின்று, உள்துணியில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் போகும் துணி உறைதான் சரி. வெயில் நேராக விழாத இடம் பாருங்கள். எலி வருமா என்றும் பாருங்கள், உள்துணி அதற்கு நல்ல கூடு. கழற்றிய போல்ட்களை ஒரு பையில் போட்டு, வண்டி எண்ணும் தேதியும் எழுதி, கூரையோடே கட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை பெல்ட், சங்கிலி, உறை மூன்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

திரும்ப மாட்டும்போது கூரை உட்காரும் விளிம்பில் மணல் இருந்தால் துடைத்தெடுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் பீடிங் சீராக உட்காராது. வைப்பர், வாஷர், டிஃபாகர் மூன்றும் ஓடுகிறதா என்று பார்த்து, ஹோஸில் தண்ணீர் அடித்துக் காட்டிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

ஒரு பருவம் இப்படி ஒழுங்காக முடிந்தால் அந்தப் பதிவேட்டையும் படங்களையும் மேனேஜரிடம் காட்டுங்கள். அடுத்த ஆண்டு இந்த வேலையின் முழுப் பொறுப்பை உங்களுக்குத் தரச்சொல்லிக் கேளுங்கள். கூடவே சம்பள உயர்வையும் தயங்காமல் கேளுங்கள்.