மின்பில்லும் உயிர்ப்பட்டியலும்

சிங்கப்பூரில் இன்வாய்ஸ்நவ் 2019இல் தொடங்கியது. மலேசியாவில் மின்பில் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து ஆரம்பமாயிற்று. இரண்டு முறையிலும் பில் எக்ஸ்எம்எல் வடிவில் செல்லலாம். நம் கடைகளுக்கு ஜாவாவில் கணக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகளும், எழுதுவிக்கும் முதலாளிகளும் ஒரு சங்கதியை அறிந்திருத்தல் வேண்டும்.

ஜாக்ஸ்பி என்னும் கருவி, பில்லின் அமைப்பு விதிகளைப் படித்து, அவற்றிற்கேற்ற ஜாவா வகுப்புகளைத் தானே எழுதித் தருகிறது. அவ்வகுப்பில் சரக்கு வரிகளைக் கேட்டு வாங்க ‘கெட்’ உண்டு; திரும்ப வைக்க ‘செட்’ வழக்கமாக இராது. இதைக் குறையென்று சொல்வோர் உளர். குறையன்று. கிராணியிடம் பேரேட்டைக் கேட்டால் அவர் நகலெழுதியா தருகிறார்? பேரேட்டையே மேசைமேல் வைக்கிறார். ‘கெட்’ தரும் பட்டியலும் அத்தகையதே. அதில் ஒரு வரி சேர்த்தால் பில்லில் சேர்ந்துவிடும். நீக்கினால் பில்லிலிருந்தே போய்விடும். வரியே இல்லாத புதுப் பில்லிலும் வெறும் பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் எழுதத் தொடங்கலாம்.

தொல்லை எங்கே வருகிறது? அரிசி 10 மூட்டை 400 வெள்ளி, பருப்பு 5 மூட்டை 300 வெள்ளி, மொத்தம் 700 என்று ஒரு பில் இருப்பதாகக் கொள்வோம். அரிசி விற்பனையை மட்டும் பார்க்க விரும்பி ஒருவர் அப்பட்டியலில் பருப்பு வரியை நீக்குகிறார். பார்த்து முடிந்ததும் பில்லை அனுப்புகிறார். பருப்பு பில்லிலேயே இல்லை! அடியில் மொத்தம் மட்டும் 700 என்றே நிற்கும். பட்டியலுக்கு உயிருண்டு, மொத்தத்திற்கு இல்லை. அதை நாம்தான் மறுபடி கூட்டி எழுதவேண்டும். மலேசியாவில் ஏற்கப்பட்ட மின்பில்லை ரத்துச் செய்ய 72 மணி நேரமே உண்டு.

ஆகவே, பார்ப்பதற்கு மட்டுமென்றால் புதிய ‘அர்ரேலிஸ்ட்’ ஒன்றில் வரிகளை நகலெடுத்துக்கொள்க. அங்கே வரியை நீக்கினால் பில்லுக்குச் சேதமில்லை. ஆனால் நகலில் உள்ள வரியின் விலையைத் திருத்தினால் பில்லிலும் விலை மாறும். பட்டியல் இரண்டாயினும் வரி ஒன்றே. ஒரு வாடிக்கையாளரின் வரிகளை அப்படியே இன்னொருவர் பில்லில் சேர்த்துத் தள்ளுபடி போடுவோர் இதைக் கவனிப்பாராக.

உண்மையிலேயே வரியை நீக்கவேண்டுமானால், பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துவரும் சுற்றுக்குள்ளேயே நீக்கலாகாது. ஜாவா பெரும்பாலும் பிழைகாட்டி நின்றுவிடும். 2014இல் வந்த ஜாவா 8இல் ‘ரிமூவ்இஃப்’ இதற்கென்றே உள்ளது. 2018இல் வந்த ஜாவா 11 முதல் ஜாக்ஸ்பி ஜாவாவுடன் சேர்ந்து வருவதில்லை. தனியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.