மணம் இறங்கியதும் பழத்தை எடுத்துவிடுங்கள்

எலுமிச்சம்பழத்தை வட்டவட்டமாக நறுக்கித் தண்ணீரில் போட்டு, இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தவர்கள் ஏராளம். பழ நீர் போடும் ஆசை பலருக்கு அந்த ஒரு வாயோடு போய்விடுகிறது. பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதிக நேரம் ஊறவிட்டதால் வந்த வினை அது.

சாத்துக்குடி ஜூஸைப் பார்சல் வாங்கியவர்களுக்கு இந்தக் கசப்பு தெரிந்ததுதான். கடையிலேயே குடித்தால் இனிக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அடிநாக்கில் கசப்பு தட்டும். காரணம், லிமோனின் என்ற பொருள். முழுப் பழத்தில் அது கசப்பே இல்லாத வேறொரு வடிவத்தில் இருக்கிறது. கத்தி பட்டுத் திசு சிதைந்ததும், பழத்தின் அமிலம் கலந்து, மெல்ல மெல்ல லிமோனினாக மாறுகிறது. விதையும் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும் கசப்புக்குப் பெரிய பங்களிப்பவை. மணம் இருப்பதோ வெளித்தோலில். எலுமிச்சைத் தோலில் கண்ணுக்குத் தெரியும் பொடிப் புள்ளிகள் எல்லாம் வாசனை எண்ணெய் அடங்கிய பைகள்.

இது தெரிந்துவிட்டால் வேலை எளிது. நன்றாகக் கழுவிய பழத்தின் மேல்தோலை மட்டும் பீலரால் மெல்லியதாக இரண்டு மூன்று சீவல் எடுத்து, விதை நீக்கிய சதைத் துண்டுகளோடு போட்டால் போதும். முழு வட்டமாக மிதந்தால்தான் அழகு என்பவர்கள், இரண்டு மணி நேரத்தில் வடிகட்டிவிட வேண்டும். கமலா ஆரஞ்சு இன்னும் சுலபம். உரித்து, விதை எடுத்து, சுளையைக் கிள்ளிப் போடலாம்.

எல்லாப் பழமும் தண்ணீருக்கு ஒத்துவராது. மாம்பழமும் வாழைப்பழமும் கரைந்து கலங்கலாக்கிவிடும். ஆப்பிள் பழுப்பேறிக் கறுக்கும், ருசியும் பெரிதாக இறங்காது. திராட்சையை முழுசாகப் போட்டால் நாள் முழுக்கச் சும்மா மிதக்கும், பாதியாக வெட்ட வேண்டும். மாதுளை முத்துகளைக் கரண்டியால் லேசாக நசுக்கினால்தான் நிறமே வரும். அன்னாசி நன்றாக இறங்கும், கூடவே ஒரு துண்டு இஞ்சி போட்டால் இன்னும் நன்று. புதினாவை அம்மியில் வைத்து நசுக்கக் கூடாது, பச்சை வாடை அடிக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு தட்டு தட்டினால், இலையின் மேலேயே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து மணம் வந்துவிடும். இதை எழுதுகிறவரின் ஓட்டு வெள்ளரிக்கும் புதினாவுக்கும்தான். வெள்ளரி எத்தனை மணி நேரம் ஊறினாலும் கோபித்துக்கொள்வதில்லை.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகளில் அதிலேயே எலுமிச்சைத் துண்டைப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அமிலம் பட்டால் செம்பு கரைந்து தண்ணீரில் இறங்கும். பி.எச். 6-க்குக் குறைந்த உணவுப் பொருள் செம்பில் படக் கூடாது என்பது அமெரிக்க உணவு விதி. எலுமிச்சைத் தண்ணீரோ அதற்கு வெகு கீழே. கண்ணாடி அல்லது எவர்சில்வர் போதும். மண்பானையில் வெட்டிவேர் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் நுண்துளைகளில் பழச்சாறு ஏறினால் கழுவி எடுக்க முடியாது, பூசணம் பிடிக்கும்.

வெட்டிய பழம் வெளியே இருக்கக் கூடிய நேரம் சாதாரணமாக இரண்டு மணி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான். சென்னை வெயிலுக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். புளிப்பு குறைந்த தர்பூசணியிலும் கிர்ணிப்பழத்திலும் கிருமி சீக்கிரம் வளரும் என்பதால் அவற்றை ஃபிரிட்ஜில் வைத்தே ஊறவிட வேண்டும். எதுவானாலும் ஒரு நாளுக்குள் குடித்துவிடுவது நல்லது.

‘டீடாக்ஸ்’ என்ற பெயரில் இதற்குச் சூட்டப்படும் மகுடத்தைக் கழற்றி வைத்துவிடலாம். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. பழ நீரில் இறங்கும் வைட்டமின் கொஞ்சம்தான், பழத்தைத் தின்பதற்கு அது ஈடாகாது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. அந்த பாட்டிலின் இடத்துக்குப் பழ நீர் வந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். வெறும் தண்ணீர் இறங்காத பிள்ளைகளும் பெரியவர்களும் கூடுதலாக ஒரு டம்ளர் குடிப்பார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் போதுமானது. அதுவும் மிதமான தட்பவெப்பத்துக்கான அளவு.

வெயிலில் வியர்க்க வியர்க்க உழைத்தவருக்குப் பழ நீர் மட்டும் போதாது. போன உப்பு திரும்ப வர வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சை ஜூஸோ அங்கே பொருத்தம். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். தவிர வேறு பேச்சே கூடாது. எலுமிச்சைத் தண்ணீரை மேசையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மடக்கு மடக்காகச் சப்புகிறவர்களுக்குப் பல் எனாமல் தேயும். அதைச் சாப்பாட்டோடு குடித்துவிட்டு, மற்ற நேரத்துக்கு வெள்ளரித் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம்.

ஊறிய துண்டுகளில் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றலாம், மணம் பாதிதான் இருக்கும். அன்னாசித் துண்டுகள் அன்றைய ரசத்துக்கு ஆகும். வெள்ளரியை மட்டும் தயிர்ப் பச்சடியில் போட்டுவிட வேண்டாம், நீர் விட்டுப் பச்சடியே மோராகிவிடும்.