ஆற்றங்கரையில் வீடு: கட்டுமுன் அறிய வேண்டியவை

ஆற்றை நோக்கிய திண்ணையுடன் ஒரு வீடு என்பது நம்மில் பலரது நெடுநாள் விருப்பம். தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மனை வாங்கியோர், வரைபடத்திற்கு முன் ஆற்றையே படித்தறிதல் நலம்.

ஆற்றின் கணக்கு

இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகள் 1992க்குப் பின் 26 ஆண்டுகள் திறக்கப்படவில்லை. 2018 ஆகஸ்டு 10 அன்று ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டபோது, மக்கள் மறந்திருந்த பாதையிலேயே நீர் பாய்ந்தது. இருபது ஆண்டு வீட்டுக் கடனைவிட ஆற்றின் கணக்கு நீண்டது. எனவே, 2018இல் நீர் எட்டிய மட்டத்தை அண்டை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து, தரைமட்டத்தை அதற்கு மேல் அமைப்போம். ஆற்றுப் புறம்போக்கு எல்லையை நில அளவையாளரைக் கொண்டு உறுதிசெய்த பின்னரே முன்பணம் கொடுப்போம்.

பாலக்காட்டுச் சமவெளியில்

கோடையில் வெப்பம் மிகும் இவ்வூரில், மலைக் கணவாய் வழியே மேற்கிலும் கிழக்கிலும் இருந்து பருவத்திற்கேற்பக் காற்று வீசுகிறது. அக்காற்று ஊடுருவ எதிரெதிர்ச் சன்னல்களும் நடுமுற்றமும் உதவும். மேற்கு வெயிலை அகன்ற கூரை விளிம்பும் மரங்களும் தடுக்கும். வெள்ளம் புகக்கூடிய மனையில் வீட்டைத் தூண்கள்மேல் எழுப்பி, கீழ்த்தளத்தை வாகனங்களுக்கு விடலாம். மின் மீட்டரும் சுவிட்சுகளும் வெள்ள மட்டத்திற்கு மேலும், கழிவுநீர்த் தொட்டி கிணற்றிற்கும் ஆற்றிற்கும் தொலைவிலும் இருக்கட்டும்.

இடுக்கி மலைச்சரிவில்

இங்கே ஆற்றை மட்டுமன்றி, வீட்டிற்கு மேலுள்ள சரிவையும் பார்த்தல் வேண்டும். 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை இழந்தோம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையை வெட்டிச் சமப்படுத்துவதை விட, சரிவிற்கேற்பப் படிப்படியாகத் தளங்களை அமைப்பது பாதுகாப்பானது. தாங்குசுவரில் நீர் வெளியேறத் துளைகள் வேண்டும். ஓடையின் இயல்பான வழியை அடைத்தல் கூடாது. மண்ணின் உறுதியைப் பொறியாளர் சோதித்த பின்னரே அடித்தளம் இடுவோம்.

செலவும் காப்பும்

பணம் குறையும்போது முகப்பு அலங்காரத்தைப் பின்னர் செய்துகொள்ளலாம். அடித்தளத்தையும் வடிகாலையும் பின்னர் செய்ய இயலாது. கடன் மதிப்பீட்டிலேயே இவற்றைச் சேர்த்துவிடுவோம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' காப்பீடு வெள்ளத்தையும் நிலச்சரிவையும் உள்ளடக்கியது. காப்பீட்டுத் தொகையை மனையின் விலையைக் கொண்டு அன்று, வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவைக் கொண்டு கணக்கிடுதல் வேண்டும்.

ஒரு முழு மழைக்காலம் மனையைக் கவனித்த பின் வரைபடம் தீட்டச் சொல்வோம். அந்த ஓராண்டுப் பொறுமை, அடுத்த தலைமுறைக்கும் வீட்டைக் காத்துத் தரும்.