ஓடும் சுவரில் டிவி மாட்டுவது எப்படி?



போன எபிசோடில் ட்ராவல் ட்ரெயிலரில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசும்போது, "எங்க டிவி விழுந்தது தனிக் கதை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தக் கதை என்ன ஆச்சு என்று கேட்டிருந்தீங்க. அளவு, கணக்கு எல்லாம் வரும் விஷயம், காதில் சொன்னால் நிற்காது. அதனால் இந்த வாரப் பாடம் எழுத்தில்.

விழுந்த கதை

நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில். போன வருஷம் 24 அடி நீளமுள்ள பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினோம். வீட்டில் 65 அங்குல டிவியை நானே சுவரில் மாட்டியவன். ட்ரெயிலருக்கு வாங்கினது 32 அங்குலம், எடை 4 கிலோ. இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். இழுத்தால் முன்னே வரும் கை வைத்த பிராக்கெட் ஒன்றை வாங்கி, வீட்டில் மீந்திருந்த பிளாஸ்டிக் ஆங்கரும் ஸ்க்ரூவும் போட்டு, பின்பக்கச் சுவரில் மாட்டினேன். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த வாரம் ஹாக்கிங் ஹில்ஸ் பூங்காவுக்குக் கிளம்பினோம். லோகன் வரைக்கும் நல்ல நெடுஞ்சாலை. அதற்குப் பிறகு வரும் 664-ஆம் எண் சாலை முழுக்க வளைவும் ஏற்ற இறக்கமும்தான். முகாமில் போய்க் கதவைத் திறந்தால், டிவி சோஃபா மேல் குப்புறக் கிடக்கிறது. சுவரில் இருந்த நாலு ஸ்க்ரூவும் வினைல் தாளைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன.

அந்த சோஃபாதான் ராத்திரியில் ஆறு வயசுப் பாப்பாவின் படுக்கை. டிவி விழுந்து கிடந்தது அவள் தலையணை மேல். ஓடும் ட்ரெயிலருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது ஒஹாயோ சட்டம், அதனால் அப்போது உள்ளே யாரும் இல்லை. ஆனால் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இது பாதி கழண்டு நின்னு, ராத்திரி விழுந்திருந்தா?" என்னிடம் பதில் இல்லை.

கூட வந்திருந்த அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். சுவரை விரலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "ஏன் கண்ணு, அப்பளத்துல ஆணி அடிச்சு வெச்சிருக்கறே?"

அப்பளத்துக்குப் பின்னால் என்ன இருக்கு?

அவர் சொன்னது ரொம்பச் சரி. பல ட்ரெயிலர்களின் உட்சுவர் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள லுவான் பிளைவுட். அதன் மேல் டிசைன் போட்ட தாளோ வினைலோ ஒட்டியிருப்பார்கள். வீட்டுச் சுவரின் ஜிப்சம் பலகை 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அதற்காகச் செய்த பிளாஸ்டிக் ஆங்கருக்கு இந்த 3 மில்லிமீட்டரில் பிடிப்பதற்கு ஒன்றுமே கிடையாது.

ட்ரெயிலர் சுவர்களில் இரண்டு வகை பரவலாக உண்டு:

- மரச்சட்டம் வைத்தது. ஒன்றரை அங்குல மரச்சட்டங்கள், இடையில் பஞ்சு, வெளியே வரிவரியான அலுமினியத் தகடு. என்னுடையது இந்த ரகம்.
- லேமினேட் செய்தது. அலுமினியக் குழாய்ச் சட்டம், இடையில் ஃபோம், வெளியே வழவழப்பான ஃபைபர்கிளாஸ். எல்லாம் சேர்த்துப் பசையில் ஒட்டியிருக்கும்.

பல கம்பெனிகள் டிவிக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, சுவருக்குள் தடிமனான பலகையோ தகடோ வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதனால் முதல் வேலை ட்ரில் எடுப்பது இல்லை. மாடல் எண்ணைச் சொல்லிக் கம்பெனியிடம் அந்த இடம் எங்கே என்று கேட்பது. நான் கேட்கவில்லை. கேட்டபோது, என் மாடலில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. விழுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

4 கிலோ எப்படி 32 கிலோ ஆகிறது?

"வெறும் 4 கிலோதானே" என்று நினைத்ததுதான் என் பெரிய தப்பு. ஸ்கூலில் படித்த நெம்புகோல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கையை முழுசாக நீட்டினால் டிவி சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். பிராக்கெட் தட்டின் அடி விளிம்புக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர். 4-ஐ 40-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால், மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை கிட்டத்தட்ட 10.7 கிலோ. கையை மடக்கி 8 சென்டிமீட்டரில் வைத்தால் அதே கணக்கு 2.1 கிலோதான். ஐந்து மடங்கு வித்தியாசம்.

இது வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒரு கணத்தில் எடை மூன்று மடங்கானது போல விசை வந்தால், 10.7 கிலோ 32 கிலோ ஆகிவிடும். அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ, ட்ரெயிலர் அங்கே அவ்வளவு அதிகமாகத் துள்ளும். நான் மாட்டியிருந்தது கடைசிப் பின்சுவரில். என் பிராக்கெட்டின் கைக்குப் பூட்டும் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் அதுவே நீண்டு, மடங்கி, நீண்டு, ஸ்க்ரூவை ஆட்டி ஆட்டித் தளர்த்தியிருக்கிறது.

"ஓடுற வண்டியில எதை மாட்டினாலும் மொதல்ல சட்டத்தைத் தேடு. தகட்டுல மாட்டினா தகடுதான் கிழியும்" என்றார் அப்பா. வீடியோ கோச் பஸ் ஓடின காலத்தில் டிவிக்கு இரும்பில் பெட்டி செய்து, அதைச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போடுவார்களாம்.

சட்டத்தைத் தேடுவது

வீட்டில் சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று என்று கணக்காக இருக்கும். ட்ரெயிலரில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்காதீங்க. என் சுவரில் ஓர் இடைவெளி 13 அங்குலம், அடுத்தது 21.

எங்களுக்கு உதவியது ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம். நூலில் கட்டிச் சுவரோரமாக நகர்த்தினோம். உட்பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் வந்த இடத்தில் காந்தம் இழுத்தது. மேலிருந்து கீழே ஒரே கோட்டில் நாலைந்து இடம் கிடைத்தால் அதுதான் சட்டம். மெல்லிய பிட்டால் ஒரு சின்ன ஓட்டை போட்டு, மரத்தூள் வருகிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். லேமினேட் சுவர் என்றால் இந்த வழி கைகொடுக்காது, அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அங்கே கம்பெனி சொல்லும் இடத்தைத் தவிர வேறெங்கும் துளை போடாமல் இருப்பதே நல்லது.

துளை போடும் முன் இரண்டு விஷயம்:

1. வெளி மின்இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியையும் துண்டியுங்கள். சுவருக்குள் 120 வோல்ட் கேபிள் குழாய் இல்லாமல் சும்மாவே ஓடும்.
2. ட்ரில் பிட்டில் தேவையான ஆழத்துக்கு டேப் சுற்றுங்கள். வெளித்தகட்டில் ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போய், சட்டமே உளுத்துவிடும்.

மாட்டின முறை

இடத்தை முதலில் மாற்றினோம். "எங்கே உட்கார்ந்தால் நல்லாத் தெரியும்" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "விழுந்தால் எங்கே விழும்". இப்போது டிவிக்குக் கீழே சின்ன கேபினெட் மட்டும்தான் இருக்கிறது. சோஃபா விலகியிருக்கிறது.

முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றை, 21 அங்குல இடைவெளியில் இருந்த இரண்டு சட்டங்களையும் தொடுகிற நீளத்துக்கு அறுத்தோம். அதை 2 அங்குல மர ஸ்க்ரூக்களால் சட்டத்தோடு முடுக்கினோம். பலகையும் உட்பலகையும் சேர்ந்து முக்காலே அரைக்கால் அங்குலம் போக, ஸ்க்ரூ சட்டத்துக்குள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே இறங்கும். ஒன்றரை அங்குலச் சட்டத்தைத் தாண்டி வெளியே வராது. உங்கள் அளவுகளுக்கு இந்தக் கூட்டலை நீங்களே போட்டுப் பாருங்கள். முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு ஸ்க்ரூவை இறக்குங்கள், இல்லையென்றால் சட்டம் பிளந்துவிடும்.

பிராக்கெட்டைப் பலகையில் போல்ட் போட்டு, பின்னால் வாஷரும் பூட்டு நட்டும் வைத்தோம். இதைப் பலகை சுவரில் ஏறும் முன்பே செய்துவிட வேண்டும். போல்ட்டின் பின்பக்கம் உட்கார பலகையில் குழி எடுத்தால்தான் பலகை சுவரோடு ஒட்டி நிற்கும். பிராக்கெட்டும் மாற்றினேன். புதுசில் மடக்கினால் பூட்டிக்கொள்ளும், கயிற்றை இழுத்தால்தான் திறக்கும்.

அரிசிப் பை டெஸ்ட்

நம்ம வேலையில் டெஸ்ட் பண்ணாமல் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்ப மாட்டோம். டிவி விஷயத்தில் நான் நேராக ப்ரொடக்‌ஷனுக்கு, அதுவும் பாப்பாவின் தலைமாட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

இந்தத் தடவை, பிராக்கெட் தாங்கும் எடையைப் பார்த்துக்கொண்டு, கையை முழுசாக நீட்டி 20 பவுண்ட் சோனா மசூரிப் பையை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டோம். அது 9 கிலோ, டிவியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தொங்கவிடும் முன் பலகையைச் சுற்றிலும் சுவரில் பென்சிலால் கோடு போட்டார் அப்பா. காலையில் கோடு நகரவில்லை. பிறகு டிவியை மாட்டி, கையைப் பூட்டி, 270 சுற்றுச்சாலையில் ஒரு முழுச் சுற்று, சுமார் 55 மைல், இழுத்துப் போய்வந்தோம். அப்போதும் நகரவில்லை.

கரண்ட், சுருக்கமாக

டிவி அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றிருந்தாலும் பேட்டரியில் நேராகச் செருகாதீங்க. 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் வோல்டேஜை நிலைப்படுத்தும் கன்வெர்ட்டர் வேண்டும். 19 வோல்ட் டிவிக்கு வோல்டேஜை உயர்த்தும் கன்வெர்ட்டர். இரண்டுக்கும் பேட்டரிப் பக்கம் ஃப்யூஸ் கட்டாயம். 36 வாட் டிவி 12 வோல்ட்டில் 3 ஆம்ப் இழுக்கும், மூன்று மணி நேரப் படத்துக்கு 9 ஆம்ப்-அவர். பாதிக்குக் கீழே இறக்கக் கூடாத 100 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில், கையில் இருப்பது 50தான் என்று நினைவில் வையுங்கள்.

கிளம்பும் முன் ஒரு நிமிஷம்

- கை மடங்கிப் பூட்டியிருக்கிறதா?
- பென்சில் கோடு அதே இடத்தில் இருக்கிறதா?
- கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா?
- ரொம்ப மோசமான சாலை என்றால் டிவியைக் கழற்றி, மெத்தைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.
- குளிர்காலத்தில் ட்ரெயிலரை நிறுத்திவைக்கும்போது டிவியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்பா ஊருக்குப் போயாச்சு. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பாப்பாவிடம் பேசி முடித்ததும் என்னிடம் கேட்பது இன்னும் அதே கேள்விதான்: "கோடு நகந்துச்சா கண்ணு?" இதுவரைக்கும் இல்லை.

உங்க ட்ரெயிலர் சுவர் எந்த வகை, எங்கே மாட்டியிருக்கீங்க என்று இந்த மடலுக்கே பதில் போடுங்க. சந்தேகம் இருந்தால் துளை போடும் முன்பே கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.