போண்டாவுக்கு ருசி போதவில்லையா?

வீராம்பட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,

"டோனட் உலகம் பூரா போயிடுச்சே, நம்மூர் போண்டாவுக்கு அந்த ருசி இல்லையா ஐயா?" என்று கேட்டுவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய். கேள்வி என்னை விடவில்லை. ருசி இருந்தால் கடை தானாகப் பெருகும் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரோ உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

டங்கின் டோனட்ஸைத் தொடங்கிய வில்லியம் ரோசன்பர்க் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 1946இல் பாஸ்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வண்டியில் தின்பண்டம் கொண்டுபோய் விற்றார். சான்ட்விச் உட்பட என்னென்னவோ விற்றும், வரவில் 40 சதவீதம் காபியிலும் டோனட்டிலும்தான் வந்தது. அந்தக் கணக்கை நம்பி 1948இல் குவின்சி ஊரில் 'ஓப்பன் கெட்டில்' கடையைத் திறந்தார். டோனட் 5 சென்ட், காபி 10 சென்ட். 1950இல்தான் 'டங்கின் டோனட்ஸ்' என்ற புகழ்பெற்ற பெயர் வந்தது. வேலைக்கு நடுவே சில நிமிடம் ஓய்கிற தொழிலாளிக்கு ஒரு கை காபிக்கு, மறு கை எதற்கு? அதற்குத்தான் டோனட். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். என்னைக் கேட்டால் அந்தக் கடையை வளர்த்தது காபிதான். 2019இல் கம்பெனியே பெயரிலிருந்து 'டோனட்ஸ்' என்பதை எடுத்துவிட்டதே!

யார், எந்த நேரத்தில், எதற்காக வருகிறார்கள் என்று பார்ப்பவனே வியாபாரி. நம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பை நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்காகவே. கவர்னர் மாளிகைச் சங்கதிகளுக்காக மற்றவர்கள் படிக்கட்டும்; எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது என்று விடாமல் குறித்த கண்தான் எனக்குப் பெரிது. நீயும் படி. சுருக்கப் பதிப்பு வேண்டாம்.

டோனட்டுக்கு வருகிறேன். ரோசன்பர்க் 1955இல் முதல் உரிமக் கிளையைக் கொடுத்தார். முதல் போடுபவர் வேறொருவர். பெயரும் செய்முறையும் கம்பெனியுடையவை. விற்பனையில் ஒரு பங்கு கம்பெனிக்கு. 1963க்குள் 100 கடை. சொந்தக் காசில் அத்தனையையும் அவரால் திறந்திருக்க முடியாது.

அதே டோனட் 2012இல் டெல்லிக்கு வந்தது. டொமினோஸ் பீட்சாவை இங்கே நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ்தான் கொண்டுவந்தது. பணத்துக்குக் குறைவில்லை, அனுபவத்துக்கும் குறைவில்லை. ஆனால் காலையில் இட்லியோ பராத்தாவோ சாப்பிடுகிற ஊரில் டோனட் வெறும் இனிப்பாக நின்றுவிட்டது. சீக்கிரமே பர்கருக்குப் போனார்கள். பிறகு கடைகளையும் குறைத்தார்கள். ருசியா மாறிவிட்டது?

அடையார் ஆனந்த பவனைப் பார். ராஜபாளையத்துக்காரர் திருப்பதி ராஜா 1979இல் வண்ணாரப்பேட்டையில் இனிப்புக் கடை வைத்தார். அடையாறு கடை 1988இல். 2000 வாக்கில் டிபனும் சேர்ந்தது. இனிப்பு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் விற்கும். இட்லியும் காபியும் தினம் விற்கும். நெடுஞ்சாலையில் பஸ்ஸையும் காரையும் அங்கே நிறுத்த வைப்பது மைசூர்பாகு என்று நினைக்கிறாயா?

இனி உன் போண்டா. விடியலில் படகு கரையேறி மீன் ஏலம் போகும் நேரத்தில் நம் கடற்கரை டீக்கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. நேரம் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆனால் டோனட்டை இரவோடு இரவாக ஒரே கூடத்தில் செய்து, விடியுமுன் இருபது கடைக்கு அனுப்பலாம். பாதி நாள் தாங்கும். அதற்கான இயந்திரத்தை அடால்ஃப் லெவிட் 1920லேயே நியூயார்க்கில் செய்துவிட்டார். போண்டா அரை மணியில் தொய்ந்துவிடும். கடைக்குக் கடை அடுப்பும், மாவைக் கிள்ளிப் போடும் பழகிய கையும் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்காமல் ருசியைப் பற்றிப் பேசாதே.

அடுத்த முறை விடியலிலேயே வா. டீ எத்தனை கிளாஸ், போண்டா எத்தனை, எந்த மணிக்கு எவ்வளவு என்று டீக்கடை ஓரமாக உட்கார்ந்து எழுது. அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தால் மேலே பேசலாம்.

அன்புடன்,
உன் ஐயா