ஈட்டலும் ஈதலும் பொருள்வரைதலும்
(சேட் பிரேம்சந்த் ராய்சந்த் வாழ்வு தரும் பாடம்)

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதித்த கடமைகளுள் தானம் தலையாயது. ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என அது நான்கு வகைப்படும். இவற்றை நம் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆனால், தானத்திற்குரிய பொருள் எவ்வழியில் வந்தது, நமக்கு எவ்வளவு பொருள் போதும் என்னும் வினாக்களை எழுப்ப நாம் அவர்களைப் பழக்குவதில்லை. சமணப் பெருவணிகர் ஒருவரின் வாழ்வைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

பிரேம்சந்த் ராய்சந்த் 1831-ஆம் ஆண்டு சூரத் நகரில், எளிய வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பம்பாய்க்கு வந்து ஆங்கிலம் கற்றுப் பங்குத் தரகில் ஈடுபட்டார். ஆங்கில அறிவும் கூரிய நினைவாற்றலும் அவரை விரைவில் உயர்த்தின. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாயில் பொருள் வெள்ளமெனப் பெருகியது. அந்நகர வணிக உலகம் பிரேம்சந்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

அவர் பெற்றதைப் பூட்டி வைக்கவில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மணிக்கூண்டு எழுப்ப 2 இலட்சம் ரூபாய் வழங்கினார். 1878-இல் நிறைவெய்திய, ஏறத்தாழ 280 அடி உயரமுள்ள அக்கோபுரம் அவர்தம் அன்னையின் பெயரால் இராஜாபாய் கோபுரம் எனப்படுகிறது. கண்பார்வை குன்றிய அவ்வம்மையார், மணியோசை கேட்டுக் கதிரவன் மறையுமுன் உணவு கொள்வார் என்பது வழங்கிவரும் செய்தி. இரவு உண்ணாமையைப் போற்றும் நமக்கு அது இனிக்கும் செய்தியே. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் 2 இலட்சம் ரூபாய் அளித்தார். அதனின்று தோன்றிய உதவித்தொகையைப் பெற்றவருள் ஒருவர், பின்னாளில் அப்பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய அசுதோஷ் முகர்ஜி. அகமதாபாத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றும் பிரேம்சந்தின் பெயர் தாங்கியது. இவை யாவும் சாத்திர தானத்தின் விரிவே.

இனி மறுபக்கத்தையும் காண்போம். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. 2,850 ரூபாய் வரை விலை போன பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. 1868-இல் அவ்வங்கியே மூடப்பட்டது. பிரேம்சந்தின் செல்வம் கரைந்தது. அவர் வழிகாட்டிய முயற்சிகளை நம்பியோர் பலரும் பொருளிழந்தனர். அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. மீண்டும் தொழில் செய்து, 1906-இல் மறையும் வரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.

பிரேம்சந்த் சுவேதாம்பர மரபினர்; நாம் திகம்பரர். எனினும் ஐந்து அணுவிரதங்கள் இரு மரபினர்க்கும் பொது. அவற்றுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், தானியம் முதலியவற்றுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றில் ஆசை அறுத்தலே இவ்விரதம். அருங்கலச்செப்பு பயின்றோர் இதனை நன்கறிவர்.

ஈதல் என்பது வந்த பொருளைப் பகிர்தல். பொருள்வரைதல் என்பது வருமுன்பே ஆசையைக் கட்டுதல். முன்னது பிரேம்சந்திடம் நிறைந்திருந்தது. அதனால் பல தலைமுறை மாணவர் பயன்பெற்றனர். பின்னது அக்கால வணிக உலகில் எவரிடத்தும் அரிதாயிற்று. அதனால் எத்தனையோ குடும்பங்கள் நொடித்தன. கொடையால் வந்த புகழ் அக்குடும்பங்களின் இழப்பை ஈடுசெய்யாது. அவ்விழப்பைக் காட்டிக் கொடையின் பயனை மறுத்தலும் முறையன்று. இரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பதே நடுவுநிலை.

இன்று நம் வீட்டு இளைஞர் கைப்பேசியிலேயே பங்கு வாங்குகின்றனர், விற்கின்றனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. இலாபம் வரும் காலத்திலேயே, "இவ்வளவு போதும்" என ஓர் எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வருவது தானத்திற்கு உரியது என உறுதி கொள்ளச் செய்யுங்கள். எல்லை வகுத்தவனுக்கே எது மிகுதி என்பது தெரியும்.

வீட்டில் கலந்துரையாட:
1. நால்வகைத் தானங்களுள் நம் குடும்பம் இவ்வாண்டு எவற்றைச் செய்தது?
2. நம் பொருளுக்கு எல்லை வகுத்துள்ளோமா? இல்லையெனில், தடை யாது?
3. கடன் பட்டவன் தானம் செய்யலாமா? பெரியோரும் பிள்ளைகளும் தத்தம் கருத்தைக் காரணத்துடன் கூறுக.