நிச்சயதார்த்த மோதிரத்தில் முத்து: மன்னார்க் கரையோரக் குடும்பங்களுக்கான தெரிவும் பதிப்பும்

அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியில் பரந்து கிடக்கும் முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பிகள் பற்றி வளரும் பாறைத் திட்டுகள், உலகின் மிகப் பழைய முத்துக்குளிப்பு இடங்களுள் அடங்குவன. 1905இல் மறிச்சுக்கட்டிக் கரையில் நடைபெற்ற பெருங்குளிப்பை அடுத்து, பிரித்தானிய அரசு 1906இல் அப்பார்களை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி வளம் ஒடுங்கியதால் அந்நிறுவனம் நொடித்துப்போனது. 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நடந்தபோதிலும் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே இக்கரையில் இன்று மோதிரம் செய்விக்க முற்படும் குடும்பத்தின் முன் இருப்பவை, பாட்டியின் அட்டியலிலோ தோட்டிலோ எஞ்சியிருக்கும் இயற்கை முத்தும், கடையில் விலைக்குக் கிடைக்கும் வளர்ப்பு முத்தும், வெளிநாட்டிலிருந்து வரும் வைரமுமே. இரத்தினபுரி நீலக்கல்லை விரும்புவோர் வைரத்துக்குக் கூறப்படும் முறையையே பின்பற்றலாம்.

முதலில் முடிவு செய்யவேண்டியது கல்லை அன்று. மோதிரம் ஏறப்போகும் கையின் வேலையை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9, படிகக்கல் 7. முத்தோ ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரையே. மன்னார்த் தீவின் மணலில் படிகத் துகளும் செம்மணிக்கல் துகளும் கலந்திருப்பதால், அம்மணல் படிந்த துணியால் நாள்தோறும் துடைத்தாலே முத்தின் மேற்பரப்பு மங்கிவிடும். பேசாலையிலோ தலைமன்னாரிலோ மீன் வெட்டுதல், கருவாடு போடுதல், வலை பின்னுதல் போன்ற வேலைகளில் இருப்பவர் மோதிரத்தைக் கழற்றாமல் அணிய விரும்பினால் அவருக்கு முத்து ஆகாது. வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்து, கோவிலுக்கும் விசேடங்களுக்கும் அணிபவருக்கு முத்தைவிடப் பொருத்தமான கல் இக்கரையில் வேறில்லை.

வைரத்தைத் தெரிவு செய்வோருக்குச் சுருக்கமாகச் சொல்லவேண்டியவை சிலவே. வெட்டின் தரத்துக்கு முதலிடமும் எடைக்குக் கடைசி இடமும் கொடுக்கவேண்டும். ஒரு கரட் என்பது 0.2 கிராம், அந்த எடையில் நன்கு வெட்டிய வட்ட வைரம் ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றர் அகலம் காட்டும், மோசமாக வெட்டிய கல் அதே எடையை அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு சிறியதாகத் தெரியும். மஞ்சள் பொன்னில் பதிக்கப்படும் கல்லுக்கு நிறமற்ற உயர்தரத்தைத் தேடிப் பணம் செலவிடுவது வீண். பொன்னின் சாயை கல்லில் ஏறும் என்பதால் இலேசான மஞ்சள் சாயலுள்ள கல்லும் வெள்ளையாகவே தோன்றும். பதிப்பைப் பொறுத்தவரை, கல்லின் விளிம்பு முழுவதையும் பொற்பட்டையால் சுற்றி அணைக்கும் மூடுபதிப்பே கடற்கரைக்கு உரியது. நான்கு அல்லது ஆறு நகங்கள் கல்லைத் தூக்கிப் பிடிக்கும் நகப்பதிப்பு, வலைக்கண்ணிலும் சேலை நூலிலும் மாட்டி நகம் வளைய இடங்கொடுக்கும்.

முத்தைத் தெரிவு செய்யும் முறை இதிலிருந்து முற்றிலும் வேறானது. குளிப்பு நடந்த காலத்தில் வணிகர் முத்துக்களைப் பத்துப் பித்தளைப் பெட்டிகளில், அதாவது 20 கண் முதல் 1000 கண் வரை படிப்படியாக நுணுகும் சல்லடைகளில் இட்டு அளவால் பிரித்தபின், உருவமும் ஒளியும் நோக்கி ஆணி, அணதாரி, வடிவு, குறுவல், தூள் முதலிய வகைகளாகத் தரம் பிரித்தனர். முழு உருண்டையும் குறையற்ற ஒளியும் உடையதே ஆணிமுத்து. விலையும் எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறியது. இரு மடங்கு எடையுள்ள முத்துக்கு நான்கு மடங்கு விலை என்பது அதன் பொருள். அளவை முதலில் பார்த்த அந்த ஒழுங்கு வணிகத்துக்கு உகந்ததாயினும், ஒற்றை முத்து மோதிரத்துக்கு அதைத் தலைகீழாக்கி ஒளியை முதலில் பார்க்கவேண்டும். கடையின் மஞ்சள் விளக்கைத் தவிர்த்து, பகல் வெளிச்சம் வரும் வாசலில் மங்கிய வெள்ளைத் துணிமீது முத்தை வைத்து உருட்டினால், நல்ல முத்தில் வாசற்சட்டத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அந்த விளிம்பு கலங்கித் தெரிந்தால் முத்து எத்துணை உருண்டையாயினும் விட்டுவிடவேண்டும். புள்ளியோ பள்ளமோ ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை, துளை அங்கேதான் வரப்போகிறது. அத்தகைய முத்தைக் குறைந்த விலைக்கு வாங்குவதே திறமை.

இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் போலியையும் பிரித்தறிவதில் ஏமாற்றம் அதிகம் நிகழ்கிறது. பல்லில் உரசினால் முத்து நறநறக்கும், கண்ணாடிப் போலி வழுக்கும் என்பது உண்மையே; ஆனால் அச்சோதனை போலியைக் காட்டிக்கொடுக்குமேயன்றி இயற்கையையும் வளர்ப்பையும் வேறுபடுத்தாது, இரண்டின் மேற்பரப்பும் ஒரே முத்துப்படலமே. யப்பானில் தொடங்கிய வளர்ப்பு முறையிலும், 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெற்றிகண்ட முறையிலும், சிப்பிக்குள் ஓட்டுத்துண்டால் ஆன ஒரு மணி வைக்கப்பட்டு அதன்மேல் படலம் வளர்க்கப்படுகிறது. எனவே துளையின் வாயைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் வில்லையால் நோக்கினால், வளர்ப்பு முத்தில் மணிக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு கரிய கோடு தெரியும். இயற்கை முத்தில் வெங்காயத் தோல்கள் போல வளையங்கள் நடுவரை செல்லும். பழைய இயற்கை முத்துக்களின் துளை எடையிழப்பைத் தவிர்க்க மிக நுண்மையாகவும் இடப்பட்டிருக்கும். பெரும் பணம் கொடுக்கவேண்டிய இடத்தில் இவற்றோடு நின்றுவிடாமல், எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் இரத்தின ஆய்வுகூடத்தின் சான்றிதழைக் கேட்பதே முறை. வளர்ப்பு முத்து என்பதற்காக அதைத் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. படலம் தடித்த 7 மில்லிமீற்றர் வளர்ப்பு முத்து மோதிரத்துக்கு நிறைவான கல்.

இனிப் பதிப்பு. பெரும்பாலான முத்து மோதிரங்கள் கெட்டுப்போவது இங்கேதான் என்பதால், பத்தரோடு நின்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்கவேண்டிய கட்டமும் இதுவே. முத்துக்கு நகம் வேண்டாம்: மென்மையான படலத்தின்மேல் அழுத்தும் பொன்னகம் சில ஆண்டுகளில் தடம் பதித்து, பின் படலத்தையே கிளப்பிவிடும். உரிய முறை முளைப்பதிப்பு. அதாவது முத்தின் அடியிலிருந்து உள்நோக்கிப் பாதித்துளை இட்டு, மோதிரத்தின் மேலுள்ள ஆழமற்ற கிண்ணத்தின் நடுவே நிற்கும் பொன்முளையை அத்துளைக்குள் செலுத்தி ஒட்டுவது. துளை முத்தின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது. 7 மில்லிமீற்றர் முத்துக்கு முளை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கவேண்டும். முளையை வழவழப்பாக விட்டால் பசை பற்றாது, ஆகவே அதன்மேல் புரிபோல் கீறியோ இலேசாக முறுக்கியோ சொரசொரப்பாக்கவேண்டும். கிண்ணத்தின் வளைவு முத்தின் அடிவளைவோடு பொருந்தவேண்டும். பொருந்தாத கிண்ணத்தில் முத்து ஒரு புள்ளியில் மட்டும் தங்கி, கை எங்கேனும் இடிபடும்போதெல்லாம் முளையை நெம்பிக்கொண்டேயிருக்கும். பசை இரு கூறுகளைக் கலந்து இறுகச்செய்யும் எப்பொக்சியாக இருக்கவேண்டும். நொடியில் ஒட்டும் சுப்பர் குளூவைப் பயன்படுத்துவதாகச் சொல்லும் பத்தரிடம் வேலையைக் கொடுக்கவே கூடாது. அது காலப்போக்கில் நொறுங்கி, முத்தைத் தொலைக்கச் செய்யும்.

குடும்ப முத்தானால் சிக்கல் இன்னும் ஒன்று உண்டு. அட்டியலில் கோக்கப்பட்டிருந்த முத்து இரு புறமும் முழுத்துளை கண்டது. அதை அப்படியே முளையில் நிறுத்தினால் மேல்துளை முத்தின் உச்சியில் கரும்புள்ளியாக நிற்கும், அழுக்கும் வியர்வையும் அதன் வழியே இறங்கிப் பசையை இளக்கும். இதற்கு வழிகள் மூன்று. மேல்துளையை முத்தோட்டுத் துண்டால் அடைத்து மெருகிடலாம், ஆனால் அதைக் கண்டறியாதபடி செய்யும் கை அரிது. முளையை மேல்துளை வழியே வெளியே கொண்டுவந்து, அதன் தலையில் சிறு பொன்மணி ஒன்றையோ மிகச்சிறு வைரம் பதித்த தொப்பியையோ பொருத்தலாம். இதுவே மிக உறுதியான முறை, பசை இளகினும் முத்து விழாது. அல்லது முத்தைக் கிடையாகத் திருப்பி, துளை வழியே பொற்கம்பியைச் செலுத்தி இரு பக்கத் தாங்கிகளுக்கிடையே நிறுத்தலாம். 3 அல்லது 4 மில்லிமீற்றர் அளவே உள்ள மன்னார்ப் பழமுத்துக்கு இதுவே அழகு, துளையை அகலமாக்கவேண்டிய தேவையும் குறையும். அகலமாக்கவேண்டி வந்தால், நீர் விட்டுக் குளிரவைத்து, மெதுவாக, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நடுவரை மட்டும் துளைக்கவேண்டும். துளைக்கருவி மறுபுறம் வெளியேறும் கணத்தில்தான் துளைவாயைச் சுற்றிய படலம் செதிலாகப் பெயரும். நூறு ஆண்டுப் பழமையான முத்தை அந்தக் கணத்தில் இழப்பது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆதலால் பத்தர் முதலில் அதே அளவான ஒரு மலிவு முத்தில் துளைத்துக் காட்டும்படி கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

பொன்னைப் பொறுத்தவரை, வளையத்துக்கு 22 கரட் பொருந்தினும், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தூய பொன்னாயினும், முளையும் தாங்கியும் 18 கரட்டாகவே இருக்கவேண்டும். 22 கரட் முளை விரல் இடிபட்டால் வளையும். மாப்பிள்ளைக்கும் மோதிரம் செய்விக்கும் முஸ்லிம் குடும்பங்கள் அவருக்குப் பொன்னைத் தவிர்த்து வெள்ளியைக் கொள்வதால், அம்மோதிரத்தில் முளை வெள்ளியின் மென்மையைத் தாங்கச் சற்றுத் தடித்திருக்கவேண்டும். விரலளவை வெக்கையில் விரல் பருத்திருக்கும் மாலை வேளையில் எடுக்கவேண்டும். ஒட்டுவேலை, தீயிடல், அமிலத்தில் தோய்த்தல், மெருகிடல் எல்லாம் முடிந்தபின்னரே முத்து ஏறவேண்டும். முத்து சுண்ணகக் காபனேற்றால் ஆனது, அமிலம் அதைக் கரைக்கும், தீ அதைப் பொரியச்செய்யும். பிற்காலத்தில் வளையத்தைப் பெருப்பிக்கவோ சுருக்கவோ கொடுக்கும்போதும் முத்தை முதலில் கழற்றச் சொல்லவேண்டும். பற்றுச்சீட்டில் பொன்னின் எடையும் கரட்டும் தனியாக, முத்தின் விட்டமும் வகையும் தனியாக எழுதப்பட்டிருக்கவேண்டும்.

அணிபவருக்கான விதிகள் சில. தேசிக்காய் பிழியும்போதும் வினாகிரி தொடும்போதும் மோதிரம் கையில் இருக்கக்கூடாது. வாசனைத் தைலம் பூசி உலர்ந்தபின் மோதிரம் கடைசியாக ஏறி, வீடு திரும்பியதும் முதலில் இறங்கவேண்டும். கழற்றியதும் ஈரப் பஞ்சுத்துணியால் ஒற்றித் துடைத்து, வைர நகைகளோடு சேராமல் தனித்துணியில் சுற்றி வைக்கவேண்டும். நகைக்கடைகளில் உள்ள அதிர்வுக் கழுவியிலும் நீராவியிலும் முத்தை இடவே கூடாது. ஆண்டுக்கொருமுறை முத்தை இரு விரலால் பிடித்து மெல்லத் திருகிப் பார்க்கவேண்டும். இம்மியளவு அசைந்தாலும் அன்றே அணிவதை நிறுத்தி, பழைய பசையை முழுவதும் சுரண்டி நீக்கி, புதிதாக ஒட்டுவித்து, பசை முற்றாக இறுகும்வரை ஒரு நாள் முழுதும் பத்தரிடமே விட்டுவைக்கவேண்டும்.